பச்சைக் கம்பி

இங்கிலாந்தின் ஹல் நகரத்து மழை பட்டறைக் கண்ணாடியில் வழிகிறது. அறுபது வருடப் பழைய கிதார் ஆம்ப்ளிஃபயர் மேசைமேல் வயிறு திறந்து இரைந்துகொண்டிருக்க, கிளெண்டா மூங்கில் குச்சியால் உள்ளே பாகங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வருகிறாள். செத்துக் கிடந்த இரண்டாவது சேனல் ஓரிடத்தில் கரகரக்கிறது. அங்கே கம்பியை ஒட்டவைத்த சால்டர் ஈயம் விரிசல் விட்டிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சூட்டுக்கோலை வைக்கிறாள், புகை சுருண்டெழுகிறது. மறுபடி போட்டதும் சேனல் பாடுகிறது. ஆம்ப்பின் சொந்தக்காரன் டெஸ்மண்ட் கைதட்டுகிறான். அவள் சிரிக்கவில்லை. கடைசிச் சோதனைக்காகப் பிளக்கைக் கழற்றித் திறந்தவள் அப்படியே நிற்கிறாள். பச்சை எர்த் கம்பி நறுக்கப்பட்டு, டேப் சுற்றி மடக்கப்பட்டிருக்கிறது.

“இது யார் வேலை?”

“நான்தான். ஒரே இரைச்சல், தாங்கல. வெட்டுனதும் கொறஞ்சிடுச்சு.”

“அறிவிருக்காய்யா உனக்கு? எர்த் இல்லேன்னா கரண்டு கிதார் கம்பிக்கே வரும், ஷாக் அடிச்சா ஆளே காலி! யார் இதுல வாசிக்கிறது?”

“என் பொண்ணு டாரா. வாசிச்சுக்கிட்டே பாடுவா.” அவன் குரல் இறங்குகிறது. “மைக் உதட்டுல சுருக்குனு குத்துதுப்பான்னு சொல்லிக்கிட்டே இருந்தா. மேடைப் பயம்னு கிண்டல் பண்ணேன்.”

கிளெண்டா குறடை எடுத்துப் பிளக்கை ஒட்டி வயரை ஒரே வெட்டாக வெட்டுகிறாள். பிளக் அவன் காலடியில் போய் விழுகிறது.

“மொதல்ல அத எடுத்துட்டுப் போய் அவகிட்ட காட்டு. ஆம்ப் அப்புறம்.”