ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்

ஆதவன் பல் துலக்கி, டீ குடித்து, நேற்றைய சட்டையையே மாட்டிக்கொண்டு மெக்கானிக் குருவின் பட்டறைக்கு வருகிறான். கோட்டைப் பாறைகளில் வெயில் ஏறுகிறது. மாமனார் தந்த பழைய அம்பாசடரின் இன்ஜின் பிரிந்து கிடக்கிறது. குரு வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை உருட்டிக் காட்டுகிறார். மேடாக இருக்க வேண்டிய இடம் மழுங்கியிருக்கிறது. அதன்மேல் உட்காரும் டேப்பெட் அடியில் குழிந்து வெடித்திருக்கிறது. "ரெண்டும் ஜோடி சார். ஒண்ணு போனா இன்னொண்ணயும் தின்னுடும். ஒண்ண வச்சிக்கினு ஓட்ட முடியாது" என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொள்கிறார். "ரெடி பண்ணட்டா, பழைய இரும்புக்குப் போட்டுடலாமா?" ஆதவன் பின்சீட்டையே பார்க்கிறான். பிரசவ வலியோடு மனைவி தமிழினி படுத்திருந்ததும், ஆஸ்பத்திரி எட்டுமுன் உயிர் விட்டதும் அங்கேதான். அன்று வல்லம் தாண்டி வண்டி நின்றதும் அவன் இறங்கித் தள்ளினான். அவள் ஜன்னல் வழியே கேட்டாள்: "இன்னாங்க, நானும் எறங்கித் தள்ளட்டா?"