சரிபார்த்தல்

வீட்டில் நடந்த ஒன்றை வைத்து வேகக் கணக்கு எழுதிவரப் பள்ளியில் சொல்லியிருந்தார்களாம். என் மகள் குயிலி தான் எழுதியதைப் படித்தாள்.

"பெரியப்பா இறந்த அன்று அப்பா காலை ஆறு மணிக்கு பைக்கில் கிளம்பினார். தூரம் தொண்ணூறு கிலோமீட்டர். வேகம் மணிக்கு நாற்பத்தைந்து. ஆஸ்பத்திரிக்குள் வந்தது ஒன்பதரைக்கு. வழியில் நின்ற நேரம் x." நிமிர்ந்தாள். "x ஒன்றரை மணி நேரம் வருதுப்பா."

எங்கும் நிற்கவில்லை என்றுதான் அண்ணியிடம் சொல்லியிருந்தேன். அண்ணன் முகத்தைப் பார்க்கப் பயந்து ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்கு உயிர் போகும்வரை அண்ணன் என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"வேகத்தைக் கொறச்சுப் போடும்மா."

"நீங்க எப்பவும் நாப்பத்தஞ்சுதானேப்பா?"

அடுக்களையிலிருந்து அண்ணி ஈரக்கையோடு வந்து நோட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"இனி சரிபார்த்தல் மட்டும்தான் பெரியம்மா," என்றாள் குயிலி.