மாறிய டம்ளர்

அடுத்த மாதம் ஓய்வு பெறும் ஹெட்கிளார்க்கிடம், கூடுதல் மருத்துவ இன்சூரன்ஸ் படிவத்தை நிரப்பியபடி ஏஜெண்ட் கேட்டார்: "சுகர் உண்டா சார்?"

"எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன்!" உண்மையைச் சொன்னால் பிரீமியம் எகிறுமே.

மனைவி இரண்டு காபி வைத்தாள். ஹெட்கிளார்க் ஒரு வாய் குடித்தார். ஆகா, இனிப்பு! பத்து வருஷமாயிற்று! டம்ளர் மாறிவிட்டது போல. சத்தமில்லாமல் காலி செய்தார்.

ஏஜெண்ட் முகம் சுளித்தார். "இதுல சர்க்கரையே இல்லையேக்கா?"

"அது அவரோடது தம்பி. சுகர் உண்டுன்னு எழுதிக்குங்க. மறைச்சா அப்புறம் ஆஸ்பத்திரிப் பணம் வராது."

ஏஜெண்ட் போனதும் ஹெட்கிளார்க் பொரிந்து தள்ளினார். "டம்ளரை மாத்தி வெச்சு மானத்தை வாங்கிட்டியே!"

"வேணும்னேதான் மாத்தினேன். நான் வாயால சொன்னா, இல்லவே இல்லைன்னு சாதிச்சிருப்பீங்க."

அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கும் ஒரு ஏஜெண்டை வரச் சொல்லேன்!"