மழை ஆய்வாளர் வீட்டு வடகம்

மழையைப் பற்றி அரசு மட்டுமே பேசலாம் என்று சட்டம் வந்தபிறகு, ஏரிக்கரைத் தெருவில் யாரும் அறிவிப்பை நம்புவதில்லை. மழை ஆய்வாளர் செண்பகவல்லியின் மொட்டைமாடியைத்தான் பார்ப்பார்கள். அங்கே வடகம் காய்ந்தால் மழை கிடையாது.

இன்று அறிவிப்பும் மழை இல்லை என்றது, மாடியிலும் வடகம். தெருவே நிம்மதியாகத் துணி துவைத்தது. பக்கத்து வீட்டு நசீமாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. மாடியேறிப் போனாள்.

செண்பகவல்லிக்குப் பக்கத்தில் ஓர் அதிகாரி நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்.

"எப்பக்கா பிழிஞ்சீங்க?"

"இப்பதான். வேணும்னா தொட்டுப் பாரேன்."

நசீமா தொட்டாள். துளி ஈரமில்லை, படக்கென்று ஒடிந்தது. கடையில் வாங்கிப் பரப்பிய வடகம்.

"நல்ல வெயில்க்கா," என்று அதிகாரிக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு இறங்கினாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினாள்.