வசனக் கணக்கு

பிரெஞ்சு பேசும் ஊரான ரொக்ஸ்பரோவில் கூடிய கல்விச் சபை, தன் ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் பழைய கணக்குப் புத்தகமா புதியதா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பெற்றோர் பிரதிநிதி மரியதாசன் புதிய புத்தகத்தைச் சரளமான பிரெஞ்சில் எதிர்த்தார்.

"இதில எல்லாம் வசனக் கணக்கு. வேற நாட்டிலயிருந்து வந்த பிள்ளையள் பிரெஞ்சை வாசிக்கவே கஷ்டப்படுகுதுகள். வெறும் இலக்கம் இருக்கிற பழைய புத்தகமே போதும்."

எல்லோரும் மனமிரங்கிக் கை தூக்கினார்கள். பழைய புத்தகமே நிலைத்தது.

வெளியே வந்ததும், சபையில் இருந்த ஆசிரியை லோஜினி கேட்டார்.

"அண்ணை, என்ர வகுப்பில பிரெஞ்சை நல்லா வாசிக்கிறது உங்கட மகள்தான். நான் காட்டின புதுப் புத்தகம் அவளுக்குச் சரியான விருப்பம். பிறகேன் வேண்டாமெண்டனீங்கள்?"

மரியதாசன் நிலத்தைப் பார்த்தார்.

"எனக்குப் பிரெஞ்சு கதைக்கத்தான் தெரியும், ரீச்சர். வாசிக்கத் தெரியாது. அது அவளுக்கு இன்னும் தெரியாது. இலக்கம் மட்டுமெண்டா, பக்கத்திலயிருந்து சொல்லிக் குடுத்துச் சமாளிச்சிடுவன்."

"உங்கட கதையைக் கேட்டுத்தான் நானும் கை தூக்கினனான்" என்றார் லோஜினி.

அவரை நிமிர்ந்து பார்க்க மரியதாசனால் முடியவில்லை.

"மற்றப் பிள்ளையளை நான் யோசிக்கவேயில்லை" என்று சொல்லிவிட்டு, சபையினர் இன்னும் இருந்த கூட்ட அறைக்குத் திரும்பிப் போய்க் கதவைத் தட்டினார்.