ரக்கேராவின் கயிறுகள்

இயோதேபாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவன் ரக்கேராவின் கடற்பாசி வளர்ப்புக் கயிறுகளில் கல்லைக் கட்டி அமிழ்த்திக்கொண்டிருந்தான்.

ரக்கேரா என் தோணியில்தான் இருந்தாள். அவள் புருஷன் தெபானோவை அதே இடத்தில் முதலை இழுத்துக்கொண்டு போனதிலிருந்து அவள் தண்ணீரில் கால் வைப்பதில்லை. அன்றைக்கு அவனுடன் இருந்தவன் இயோதேபா. தனியாக நீந்திக் கரை சேர்ந்தான். அதன் பிறகு எங்கள் வாகினாத் தீவில் யாரும் அவனோடு கடலுக்குப் போகவில்லை. ஊர்ப் பொதுக்கூடமான மனேயாபாவில் எல்லோரும் கூடும்போது அவன் பாய்க்குப் பக்கத்தில் யாரும் பாய் விரிப்பதில்லை.

ரக்கேரா தோணியிலேயே எழுந்து நின்றுவிட்டாள்.

"என் புருஷனை விட்டுட்டு ஓடி வந்தது போதலையா? என் பிள்ளைங்க சோத்தையும் மூழ்கடிக்கணுமா?"

அவன் தலையை மட்டும் வெளியே நீட்டினான். "காத்தே இல்ல தங்கச்சி. கடல் கண்ணாடி மாதிரி கிடக்கு. இந்த வெயிலைப் பாசி தாங்காது. கொஞ்ச நாள் கீழ கிடக்கட்டும்."

"வெயில்லதானே பாசி வளருது? நீ குடை பிடிக்க வந்தியாக்கும்."

அவள் கேட்டது நியாயம்தான். பாசி வெளிச்சத்தைத் தின்றுதான் வளர்கிறது. கயிறு ஆழத்தில் தொங்கினால் பாசி இளைத்துப்போவதைக் கண்டவர்கள் நாங்கள். அந்த அறுவடை போனால் அவள் பிள்ளைகளுக்கு அரிசி வாங்க வேறு வழி கிடையாது.

கல்லை அறுத்துவிடச் சொல்லி என்னிடம் கெஞ்சினாள். கத்தியை எடுத்தேன். அப்போதுதான் அலையாத்தி வேர்களுக்கு அருகே மிதந்த கட்டையைப் பார்த்தேன். நீரோட்டமே இல்லை. கட்டை நகர்ந்தது.

இயோதேபாவைத் தோணியில் ஏறச் சொன்னேன்.

"நானும் பாத்துட்டேண்ணே. இன்னும் ரெண்டு கயிறுதான். நீங்க அவளைக் கரைக்குக் கூட்டிட்டுப் போங்க."

மூழ்கிவிட்டான்.

மத்தியானம் கடல் ஏறியபோது அவன் தோணி மட்டும் கரை ஒதுங்கியது.

கல்லை அறுக்க ஆள் தேடி ரக்கேரா வீடு வீடாகப் போனாள். அந்த மூலையில் இறங்க ஒருவரும் துணியவில்லை. கயிறுகள் அப்படியே கிடந்தன.

காற்று திரும்பவில்லை. எங்கள் கரை முழுக்கப் பாசி முதலில் நுனியில் வெளுத்தது, பிறகு தண்டோடு. தொட்டால் ஒடிந்து விழுந்தது. இயோதேபாவின் சொந்தக் கயிறுகள் மேலேயேதான் மிதந்தன. அவற்றுக்கு அவன் ஒரு கல்கூடக் கட்டியிருக்கவில்லை.

வெளியிலிருந்து ஆட்கள் வந்து முதலையைச் சுட்ட பிறகுதான் ரக்கேராவின் கயிறுகளை எடுக்க இறங்கினோம். பாசி கரும்பழுப்பாக, தூக்க முடியாத கனமாக இருந்தது.

இன்று எங்கள் கரையில் எல்லோரும் நடுவது அதிலிருந்து ஒடித்த பாசியைத்தான்.