திறக்காத மன்னிப்பு

கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மனைவி நான்கு நாள் கழித்து ஃபோன் செய்ததும், அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மெயில்ல ஏதோ வீடியோ அனுப்பியிருக்கீங்க. திறக்கவே மாட்டேங்குது."

அவன் மன்னிப்புக் கேட்டு அனுப்பிய வீடியோ!

"வேற பிளேயர்ல போட்டுப் பாரேன்."

"பார்த்துட்டேன். திரை கறுப்பாவே நிக்குது."

"உன் லேப்டாப் லினக்ஸ்ல வீடியோவை ஓட்டுற கோடெக் சாஃப்ட்வேர் இல்லேன்னா அப்படித்தான். இன்ஸ்டால் பண்ணு, சொல்றேன்."

"எனக்கு அதெல்லாம் வராது. நேர்ல வந்து பாருங்க."

அடுத்த பஸ்ஸில் ஏறினான்.

மச்சினன் கதவைத் திறந்தான். மச்சினனுக்குப் பின்னால் மனைவி பெட்டியும் கையுமாக நின்றாள்.

"லேப்டாப் எங்கே?" என்றான் பதற்றமாக.

"அது எதுக்கு அத்தான்?" என்றான் மச்சினன். "நேத்தே டிவியில போட்டுக் குடும்பமே நாலு தடவை பார்த்தாச்சு. அழும்போது மூக்கை மட்டும் துடைச்சிருக்கலாம்!"